குடைக்காரியின் முதுகில் என் எழுத்து

மொன்றியல் சென்ட் லோரன்டில் நீங்கள் இன்று பழைய சுவரொட்டிகளைச் சீர்செய்கிற பட்டறையில் பத்தடி நீளமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியவன் நான். சில்லு வைத்து உருட்டக்கூடிய நான்கு பெரிய ஒட்டுப்பலகைகள் இருக்கின்றன. அவையும் என் வேலை. தூரிகைகள் தலைகீழாகத் தொங்கும் கம்பி, ஈரத்தாளை உலர்த்தும் வலைத்தட்டுகள், பசை காய்ச்சும் அடுப்புக்கு மேலே ஆவி போகிற குழாய் எல்லாம் இந்தக் கைகள் செய்தவை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கைகள். மொன்றியலில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். அதிலும் எதை எப்போது சொல்வது என்று தடுமாற்றம். அப்படிப்பட்டவன் ஓய்வு பெறும்போது, பெரிய பெரிய கண்காட்சிக்காரர்கள் "சீனித்தம்பி பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பழைய சுவரொட்டிகளைத் தொட்டார்கள். பெருமையடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பொய் சொல்கிறேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இதை இப்போது எழுதக் காரணம் ஆரணி. உங்களில் ஒருத்தி. தாய் தகப்பன் திருகோணமலை; பிறந்தது இங்கே; சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். போன கிழமை எனக்கு ஒரு படம் அனுப்பினாள். பழுப்பேறிய துணி ஒன்றின் மூலையில் பென்சிலால் மூன்று வரி. கீழே கேட்டிருந்தாள்: "அங்கிள், இது உங்கட கையெழுத்தோ?"

என்னுடையதுதான். குடைக்காரி திரும்பவும் பட்டறைக்கு வந்திருக்கிறாள். டவுன்டவுனில் புதிய கண்காட்சி ஒன்று வைக்கப் போகிறார்களாம். தூசி துடைத்து, ஓரம் கிளம்பியதைச் சரிசெய்யக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். கூடவே வந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதென்று ஆரணி சொல்கிறாள்: "பின்பக்கத் துணியில் பென்சில் கிறுக்கல். மொழி தெரியவில்லை. நீக்கவும்."

ஆரணி கேட்டது ஒரு சொல்லில் பதில். நான் எழுதுவது இவ்வளவு. மற்ற இரண்டு பேருக்கும் அவள் மொழிபெயர்த்து வாசிக்கட்டும். அழிறப்பரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வாசிக்கட்டும்.

குடைக்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் கல்லச்சில் அடித்த சுவரொட்டி அது. ஆளுயரம். மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி காற்றில் நிற்கிறாள். கையிலிருக்கிற சிவப்புக் குடை மேல் நோக்கி மடங்கிக் கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் சினந்திருப்பார்கள். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். விளம்பரம் என்னவோ இருமல் மிட்டாய்க்குத்தான். மிட்டாய்க் கொம்பனி இல்லாமல் போய்விட்டது, இருமினவர்களும் போய்விட்டார்கள், அவள் மட்டும் நிற்கிறாள். வரைந்தவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது முன்பக்கத்தில் வாலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது; உலகத்துக்கே தெரியும். நான் பேச வந்தது பின்பக்கத்தைப் பற்றி.

என் தொழில் மட்டக்களப்பில் தொடங்கியது. பதினாறு வயதிலிருந்து படமாளிகை ஒன்றுக்குச் சுவரொட்டி ஒட்டினேன். சைக்கிள், வாளி, தென்னந்தும்புத் தூரிகை. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்வோம். எங்கள் ஊரில் ஆட்டுக்கு அந்தப் பசை என்றால் உயிர். காலையில் ஒட்டிய கதாநாயகனை மத்தியானத்துக்குள் இடுப்புவரை தின்றுவிடும். அதனால் பசைக்குள் மயில்துத்தம் போடுவோம். நீல நிறக் கல். நாக்கில் பட்டால் ஆடு தலையை உதறிக்கொண்டு ஓடும். துத்தம் இல்லாமல் பசை காய்ச்சுவது உப்பில்லாமல் சோறு ஆக்குவது மாதிரி எனக்கு.

இங்கே வந்து டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த உணவகச் சுவரில் சட்டம் போட்ட பழைய பிரெஞ்சுச் சுவரொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள்ளே தாள் அங்கங்கே பொங்கிப் போயிருந்தது. ஒருநாள் அதைக் கழற்றிக்கொண்டு போக ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். தூக்கி வான் வண்டியில் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். நான் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தெரிந்த சொற்களை வைத்து, "கோல், பா போன்" என்றேன். பசை, சரியில்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த கிழமை நான் அவருடைய பட்டறையில் இருந்தேன். அவரை நாங்கள் மதாம் என்றே கூப்பிடுவோம். இந்தப் பட்டறையைத் தொடங்கியவர் அவர். எனக்கு வேலை தந்தவரும் அவர்தான், நான் என்ன செய்யக்கூடியவன் என்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

அங்கே ஏற்கெனவே ஒரு தமிழர் இருந்தார். யாழ்ப்பாணம், முன்பு அரசாங்கக் கந்தோரில் லிகிதர், பெயர் குலசிங்கம். எல்லோருக்கும் குலம் அண்ணை. ஆங்கிலமும் இராப்பள்ளிப் பிரெஞ்சும் அவரிடம் இருந்தன. நான் யார், எந்த ஊர் என்று கேட்டவுடனேயே தொடங்கிவிட்டார்.

"மட்டக்களப்பார் ஆக்களைப் பாயோட ஒட்ட வைப்பினம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீர் அதுக்கெண்டு ஒரு கொம்பனியே தேடிப் பிடிச்சிட்டீர், என்ன காணும்?"

யாழ்ப்பாணத்தார் எங்களைப் பற்றி அடிக்கும் பழைய பகிடி அது. மட்டக்களப்புக்கு வந்தவன் ஊர் திரும்பமாட்டானாம், நாங்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவோமாம்.

"நாங்க ஒட்டினா ஒட்டினதுதான் அண்ணை," என்றேன். "உங்கட ஆக்கள் மாதிரி ஓரம் கிளம்பாது."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒத்துப் போனது.

முதல் மாதத்திலேயே நான் ஒரு பிழை செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் குடைக்காரியைக் காப்பாற்றியது அந்தப் பிழைதான். மதாம் பசை காய்ச்சச் சொன்னார். வெறும் மாவும் தண்ணீரும். எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்துச் சாமான் கடையில் நீலக் கல்லைக் கண்டேன். குழாய்க்குள் வேர் போகாமல் தடுக்க விற்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். வாங்கி இடித்துப் பசைக்குள் போட்டு, சவர்க்கார விளம்பரம் ஒன்றைத் துணியில் ஒட்டியும்விட்டேன்.

மதாம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன் இது நீலமாக இருக்கிறது?"

"ஷெவ்ர்," என்றேன். ஆடு. ஜான்-டலோன் சந்தையில் இறைச்சி வாங்கப் போய்ப் படித்த சொல்.

மதாமின் முகம் வெளுத்தது. "பசைக்குள் ஆட்டையா போட்டாய்?"

குலம் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துத்தான் மொழிபெயர்த்தார். மதாம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியே காட்டினார். லொறிகள், களஞ்சியங்கள், இடுப்பளவு பனி.

"எத்தனை ஆடு தெரிகிறது?"

"இல்லை, மதாம்."

"உன் ஊரில் ஒரு சுவரொட்டி எவ்வளவு காலம் இருக்க வேண்டும்?"

"அடுத்த படம் வரும்வரைக்கும். ஒரு கிழமை."

"இது இன்னும் நூறு வருடம் இருக்க வேண்டும். அந்த நீலத்துக்குள் செம்பு இருக்கிறது. தாளுக்குள் போனால் வெளியே வராது. உள்ளே இருந்தபடி மெல்ல மெல்லத் தின்னும். உன்னுடைய ஆட்டைவிட மோசம்."

சவர்க்கார விளம்பரத்தைத் துணியிலிருந்து கழற்றி ஒருநாள் முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினோம். மதாம் ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

இனிக் குடைக்காரி. அவள் வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது குளிர்காலத்தில். தடித்த மட்டையில் யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். மட்டை வளைந்து, தாள் மங்கி, சட்டையின் மஞ்சள் தேயிலைத் தண்ணீர் நிறமாகிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை கண்காட்சி. வந்தது திங்கட்கிழமை. அன்று காலைதான் மதாம் தம்பியின் மரணச் சடங்குக்காகத் தூர ஊருக்குக் காரில் புறப்பட்டிருந்தார். கைத்தொலைபேசி இல்லாத காலம். எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பைக் குலம் அண்ணை வாசித்தார்: மட்டையைக் கழற்று, பிற்காலத்தில் ஒட்டியவை, ஒட்டுப்பட்டி, பழைய பசை எல்லாவற்றையும் எடு, தொட்டியில் அலசு, துணியில் ஒட்டு.

மட்டையைக் கழற்றினோம். தாளின் முதுகில் அங்கங்கே வெள்ளையாக ஏதோ உறுத்தியது. சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சாந்து. குடைக்காரி ஒரு தெருச் சுவரில் இருந்திருக்கிறாள். பசை காய்வதற்குள் யாரோ உரித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பழைய பசையின் கோடுகளும் தெரிந்தன. நடுவிலிருந்து மூலைக்கு, நடுவிலிருந்து மூலைக்கு, கடைசி மூலையில் மட்டும் அவசரமாக ஓர் இழுப்பு. அந்தக் கையை எனக்குத் தெரியும். அடுத்த சந்திக்குப் போகும் அவசரத்தில் நானும் அப்படித்தான் இழுப்பேன்.

முன்பக்கம், குடைக் கம்பிக்குப் பக்கத்தில், பெருவிரல் நகமளவு சின்னத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன்மேல் ஊதா மையில் ஒரு முத்திரை. பார்வைக்கு அழுக்குத்தான்.

செவ்வாய் மத்தியானம் கண்காட்சிக்காரர் வந்தார். இளம் ஆள், நீளமான கழுத்துச் சால்வை. மேசையைச் சுற்றி வந்தார். விரலை நீட்டினார். பிரெஞ்சில் பொழிந்தார்.

"இண்டைக்கே தொட்டிக்குள்ள இறக்கி உந்தப் புள்ளியையும் அலசி எடுக்கட்டாம்," என்றார் குலம் அண்ணை. "வெள்ளிக்கிழமை சுவரில இருக்கவேணுமாம்."

நான் அந்தச் சின்னத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் நகரசபை முத்திரை இல்லாமல் ஒரு சுவரொட்டியும் சுவரேறாது. சுவரொட்டிக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, வரி கட்டி, ஒவ்வொன்றாகக் குத்து வாங்கி வந்துதான் ஒட்ட வேண்டும். குத்து இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் வந்து கிழித்துவிடுவார். இதுவும் அதுதான் என்று என் மனம் அடித்துச் சொன்னது.

ஆனால் பிள்ளைகளே, துத்தத்தைப் பற்றியும் என் மனம் அப்படித்தான் அடித்துச் சொன்னது. பிரான்ஸ் என்ன மட்டக்களப்பா? இன்னொரு ஆட்டுக் கதையாகிவிட்டால்? மதாமின் குறிப்பில் எல்லாவற்றையும் எடு என்றுதான் இருந்தது. கண்காட்சிக்காரரும் அதையேதான் சொல்கிறார். மறுத்தால் வேலை வேறு பட்டறைக்குப் போகும். மதாம் திரும்பி வந்து கேட்டால், ஊர் நினைப்பில் மறுத்தேன் என்றா சொல்வது?

அப்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. அன்று நான் ஒன்றைச் சேர்த்தேன். இன்று என்னை ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். சேர்த்த செம்பை முழுதாக வெளியே எடுக்க முடியாது. எடுத்த முத்திரையைப் பழையபடி ஒட்ட முடியாது. விட்டுவைத்தால்? நான் நினைத்தது பிழையென்றாலும் நாளைக்கு எடுத்துவிடலாம். இரண்டு பிழையில் எது திருத்தக்கூடிய பிழையோ அந்தப் பக்கம் நில். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பார்கள். நான் அதைக் கண்டுபிடித்தது அந்த மேசையில், சால்வைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது.

"முடியாதெண்டு சொல்லுங்க அண்ணை."

"முடியாதோ? நானோ? உமக்கு விசரே? மதாம் வந்தாப் பேந்து ஆர் பதில் சொல்லுறது?"

"நான் சொல்லுறன். நீங்க மொழிபெயருங்க."

குலம் அண்ணை மொழிபெயர்த்தார். சால்வைக்காரர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். குலம் அண்ணை என் பக்கம் திரும்பத் தயங்கினார்.

"என்னவாம்?"

"நீர் பசை பூசுற ஆளாம். முடிவெடுக்கிற ஆள் இல்லையாம்."

பஞ்சு கொஞ்சம் எடுத்து நனைத்துப் பிழிந்தேன். ஊதா முத்திரையின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவை ஒற்றினேன். பஞ்சைச் சால்வைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். பஞ்சில் ஊதா ஏறியிருந்தது.

"தொட்டிக்குள்ள இறக்கினா மஞ்சள் சட்டை ஊதாச் சட்டையாகும் எண்டு சொல்லுங்க."

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் மேசைமேல் குனிந்து முத்திரையைப் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் முதலில் அதைக் கத்தியால் எடு, பிறகு அலசு" என்றார். கெட்டிக்காரர்தான்.

"அது அழுக்கில்ல," என்றேன். "நகரசபைக் குத்து. வரி கட்டின அடையாளம். பெட்டிக்குள்ள கிடந்த படத்துக்கு இதைக் குத்தமாட்டாங்க. இவ உண்மையாவே தெருவில நிண்டவ. முதுகில சாந்து இருக்கு, முகத்தில குத்து இருக்கு. ரெண்டும் ஒரே கதையைத்தான் சொல்லுது."

குலம் அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, கந்தோரில் பெரிய துரைக்கு முன்னால் பேசுவது மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. என்னென்ன சேர்த்தாரோ, கடைசிவரை சொல்லவில்லை.

சால்வைக்காரர் எங்கள் தொலைபேசியை எடுத்தார். யாரோ ஒரு நூலக அம்மாவிடம் பேசினார். "உய், உய்" என்று தலையாட்டினார். வைத்துவிட்டுத் திரும்பியபோது முகம் மாறியிருந்தது. அந்தக் காலத்துப் பிரான்சில் சுவரில் ஏறும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வரி முத்திரை குத்த வேண்டுமாம். முத்திரையோடு தப்பிப் பிழைத்தவை அருமையாம்.

"நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்," என்றாராம்.

"ஓம், ஓம், சந்தேகப்பட்டவர்தான்," என்று குலம் அண்ணை எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னார்.

தொட்டியில் இறக்காமல் எப்படிச் சுத்தம் செய்தோம் என்பதை எழுதமாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்த வேலை. ஈர ஒற்றுத்தாளை வைத்துச் சாண் சாணாக, முத்திரைப் பக்கம் தண்ணீர் அண்டாமல், இரண்டு பேர், இரண்டு நாள். வியாழக்கிழமை மஞ்சள் திரும்பி வந்தது; அன்றே துணியில் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை காலை அவள் போக ஆயத்தமாகப் பலகையில் நின்றபோது மதாம் வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து முத்திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போன்," என்றார். நல்லது, அவ்வளவுதான்.

பிறகு கதிரையில் உட்கார்ந்து, இதை வரைந்தவர் யார் தெரியுமா என்று கேட்டார். சின்ன வயதிலேயே அச்சுக்கல் பட்டறைக்கு வேலைக்குப் போனவராம். பள்ளிக்கூடம் இல்லை. சித்திரம் படிக்கவும் இல்லை. கல்லைத் தேய்த்து, மிட்டாய்ப் பெட்டிக்கும் மருந்துப் போத்தலுக்கும் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது மாதிரித் தலைமாற்றி எழுதிப் பழகியவராம். கீழே காட்டினார்: மிட்டாய்க் கொம்பனியின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் திரும்பி நின்றது. பெரிய மனிதர், மாற்றி எழுத மறந்திருக்கிறார். அந்தப் பிழையோடு ஊர்ச் சுவர் முழுக்க ஏறியிருக்கிறது. எனக்கு அவரை அந்த நிமிடத்தில் மிகவும் பிடித்துப்போனது. ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயரும் இருந்தது.

"வரைந்தவர் பெயர் இருக்கிறது. அடித்தவர் பெயர் இருக்கிறது," என்று மதாம் ஒரு பென்சிலை நீட்டினார். "பின்னால் உன் பெயரை எழுது."

"எனக்குப் பிரெஞ்சு எழுத வராது, மதாம்."

"பிரெஞ்சில் எழுதச் சொல்லி யார் கேட்டது?"

எழுதினேன். குடைக்காரி போனாள். கண்காட்சியில் கொடுத்த கையேட்டை ஒருநாள் குலம் அண்ணை கொண்டுவந்து வாசித்தார். முத்திரையைக் கண்டுபிடித்தவர் கண்காட்சிப் பொறுப்பாளர் என்று அதில் போட்டிருந்தது. மதாம் எழுதிக் கேட்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். பின்பக்கத்தில் இருக்கிறது, போதும் என்றேன்.

இப்போது போதாது. மதாம் இல்லை. குலம் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்பக்கத்தில் இருப்பதையும் நீக்கச் சொல்லி எழுத்தில் வந்திருக்கிறது.

ஒரு சொல்லை யோசித்துப் பாருங்கள். இந்தப் படங்களுக்கு நாங்கள் தமிழில் வைத்த பெயர் சுவரொட்டி. அந்தச் சொல்லுக்குள் வரைந்தவர் இல்லை, அடித்தவர் இல்லை, மிட்டாய் விற்றவரும் இல்லை. ஒட்டினதுதான் இருக்கிறது. பிரான்சில் குடைக்காரியைச் சுவரில் ஏற்றியவனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவசரமாக இழுத்த ஒரு தூரிகைக் கோடுதான் அவனுக்கு மிச்சம். மொன்றியலில் ஒட்டியவனுக்குப் பெயர் இருக்கிறது. உயிரோடும் இருக்கிறான். தொலைபேசியும் எடுக்கிறான்.

ஆகவே ஆரணி, அறிக்கையில் 'கிறுக்கல்' என்ற சொல்லை வெட்டு. 'மொழி தெரியவில்லை' என்பதையும் வெட்டு, உனக்குத் தெரியும். 'நீக்கவும்' இருந்த இடத்தில், கீழுள்ள மூன்று வரியையும் பிரெஞ்சில் எழுது. கண்காட்சிச் சுவரில் வைக்கிற அட்டையில், வரைந்தவர் பெயருக்கும் அச்சகத்தின் பெயருக்கும் கீழே, முதல் வரியைப் போடச் சொல்லு. சின்ன எழுத்தென்றாலும் பரவாயில்லை, சுருக்கக் கூடாது. மூன்றாவது வரி குலம் அண்ணை நான் பார்க்காத நேரம் எழுதியது. அதை அட்டையில் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். துணியிலிருந்து மட்டும் அழிக்க நான் விடமாட்டேன்.

'ஒட்டியவர்: சீனித்தம்பி, மட்டக்களப்பு.
பசையில் துத்தம் இல்லை.
பாயோடு அல்ல, துணியோடு.'